லாட்ஜ் ரூமில் கோளாறா? நெல்லைப் பக்கம் தங்குகிறவர்களுக்கு அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் சொந்தபந்தத்தில் யார் வீட்டில் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை வந்தாலும் வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு ரூம் போட்டுக் கொடுக்கிற வேலை என் தலையில்தான் விழும். ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, புது பஸ் ஸ்டாண்டு, சாரல் விழுந்தால் குற்றாலம், சஷ்டி வந்தால் திருச்செந்தூர். ரூம் போட்டதோடு விடுவார்களா என்றால் இல்லை, ராத்திரி "ரூம்ல ஒரு சின்னப் பிரச்சினை" என்று போன் வரும். அப்படி அடிக்கடி வருகிறவற்றை அறிகுறி வாரியாக எழுதுகிறேன், உங்களுக்கு எது பொருந்துகிறதோ நேராக அங்கே போய்விடுங்கள்.

போனை எடுத்ததும் நான் கேட்பது ஒரே கேள்விதான். இது குழப்பமா, ஆபத்தா? பேர், தேதி, ரூம் நம்பர், பை மாறிப்போன விவகாரம் என்றால் அது குழப்பம், பெட்டியைத் திறக்காமல் கீழே ரிசப்ஷனுக்குப் போய் அவர்கள் நோட்டைப் பார்த்துத் தீர்க்க வேண்டும், கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இன்டர்காமில் சத்தம் போட்டால் தீராது. ஆபத்து என்றால் முதலில் ரூமை விட்டு வெளியே, பேச்செல்லாம் அப்புறம். நம் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பேர் மாறியதற்கு மாடி அதிர சண்டை போடுவார்கள், ஹீட்டரில் கரண்ட் அடித்தால் "லேசாத்தான் அடிக்கி" என்று குளித்து முடித்துவிட்டு வருவார்கள்.

"உங்க பேர்ல புக்கிங்கே இல்லியே சார்"

பதறாமல் முதலில் அப்பா பேரைச் சொல்லிப் பாருங்கள். ஆப்பில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும், நமக்கு இருப்பதோ இனிஷியல், வேறு வழியில்லாமல் அப்பா பேரைக் கடைசிக் கட்டத்தில் போட்டிருப்போம், நோட்டிலும் அந்தப் பேரே ஏறியிருக்கும். வந்து நிற்பவர் செந்தில், கவுண்டரில் சுடலைமுத்துவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதிலும் கிடைக்கவில்லை என்றால் போன் நம்பரை வைத்துத் தேடச் சொல்லுங்கள். இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. திருச்செந்தூர் லாட்ஜ் ஒன்றில் நின்றுகொண்டு "முருகன் சார்" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், அதுவும் சுப்பிரமணியனையும் ஆறுமுகத்தையும் சேர்க்காமல். சாவி கேட்கும்போது பேரோடு போன் நம்பரின் கடைசி நாலு எண்ணையும் சொல்லிவிட்டால் அடுத்தவர் சாவி உங்கள் கைக்கு வராது, உங்கள் சாவியும் அடுத்தவர் கைக்குப் போகாது.

பேரும் நம்பரும் சரி, ஆனாலும் இல்லை என்கிறார்களா? லாட்ஜே வேறாக இருக்கும். ஒரே பேரில் ஜங்ஷனில் ஒன்று, புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்று இருப்பதெல்லாம் இங்கே சாதாரணம், ஆப்பில் டவுன், ஜங்ஷன், பாளை எல்லாமே திருநெல்வேலிதான். குற்றாலத்தில் இது இன்னும் மோசம். "அருவிக்கு மிக அருகில்" என்று போட்டிருப்பார்கள், எந்த அருவி என்று போட மாட்டார்கள். மெயின் அருவியில் இருந்து ஐந்தருவிக்கே ஐந்து கிலோமீட்டர் வரும், பழைய குற்றாலம் வேறு திசை, சீசனில் ஞாயிற்றுக்கிழமை இந்தத் தூரத்தைக் காரில் கடப்பதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும். சில "குற்றாலம்" ரூம்கள் தென்காசி ஊருக்குள்ளேயே இருக்கும். ஆட்டோவில் ஏறும் முன்னால் லாட்ஜுக்குப் போன் போட்டு, பக்கத்தில் என்ன கோயில், என்ன பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரருக்கு மேப்பை விட அதுதான் புரியும்.

பணம் கட்டியாகிவிட்டது, கட்டிய நம்பர் எடுக்கவே மாட்டேன் என்கிறது, லாட்ஜில் "அது எங்க நம்பரே கிடையாது" என்கிறார்கள். இது குழப்பம் இல்லை, மோசடி. தேடும்போது மேலே வந்து நிற்கிற போலித் தளமாக இருக்கும், அல்லது மேப்பில் யாரோ மாற்றிவிட்ட நம்பராக இருக்கும். அங்கேயே நின்று லாட்ஜ்காரரிடம் மல்லுக்கு நிற்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றால் அது குறைந்துகொண்டே போகும். கோயில் விடுதிக்கு அறநிலையத் துறையின் தளம் அல்லது கோயில் அலுவலகம், இந்த இரண்டைத் தவிர வேறு எங்கேயும் முன்பணம் அனுப்பாதீர்கள்.

"நீங்க நேத்தே வந்திருக்கணும்"

விடியற்காலை ரயிலில் வருகிறவர்களுக்கு வருகிற பிரச்சினை இது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் சென்னையில் ஏறிச் சனிக்கிழமை விடியக்காலம் நாலு மணிக்கு ஜங்ஷனில் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். சனிக்கிழமைக்குப் புக் பண்ணியிருந்தால் பகல் 12 மணிக்குத்தான் ரூம் தருவார்கள், அதுவரை பெட்டியோடு சோபாவில் உட்கார வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைக்குப் போட்டால், ராத்திரி பன்னிரண்டு வரை ஆள் வரவில்லை என்று வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நான் செய்வது, வெள்ளிக்கிழமை தேதியிலேயே போட்டுவிட்டு, அன்றைக்குச் சாயந்திரம் "விடியக்காலம் நாலு மணிக்கு வாரோம், ரூமை விட்டுராதீங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுவேன். வாயால் சொன்னதை ராத்திரி டூட்டிக்கு வருகிறவர் கேட்டிருக்க மாட்டார்.

இன்னொரு வழி, நம் பக்கத்துப் பழைய லாட்ஜ்களில் இன்னும் இருக்கிற 24 மணி நேரக் கணக்கு. நுழைந்த நேரத்தில் இருந்து மறுநாள் அதே நேரம் வரை ரூம் உங்களுடையது. எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் நுழைந்த நேரத்தை எழுதுவது அவர்கள், அரைமணி நேரம் முன்னால் எழுதிவிட்டு மறுநாள் "டைம் தாண்டிட்டு, இன்னொரு நாள் வாடகை" என்பார்கள். ரசீதில் நேரம் எழுதச் சொல்லி அங்கேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தகராறே வராது.

சாவி போட்டதும் கதவு திறக்கிறது, உள்ளே வேறு ஆள்

அல்லது நீங்கள் படுத்திருக்கும்போது வெளியில் இருந்து யாரோ திறக்கிறார்கள். இரண்டும் ஒரே கோளாறுதான்.

முதல் காரணம் மாடி. எல்லா மாடியும் ஒரே பெயிண்ட், ஒரே நடை, ஒரே பிளாஸ்டிக் பூந்தொட்டி, லிப்டில் யாரோ அமுக்கிய மாடியில் இறங்கி 305 என்று நினைத்து 205ஐத் தட்டிக்கொண்டிருப்போம். இரண்டாவது, டூட்டி மாறும்போது பகல்காரர் நோட்டில் ஏற்றாமல் போனதால் ராத்திரிக்காரர் அதே ரூமை இன்னொருவருக்குக் கொடுத்திருப்பார். மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது, பூட்டே தேய்ந்துபோயிருக்கும். பழைய லாட்ஜ் சாவி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், பித்தளைச் சாவியின் பல் மழுங்கி வழுவழு என்று இருக்கும், கூடத் தொங்குகிற கட்டையில் பெயிண்டில் எழுதிய நம்பர் பாதி உதிர்ந்திருக்கும். சின்ன லாட்ஜில் 6ஆம் நம்பர்க் கட்டை தலைகீழாகத் திரும்பினால் 9ஆம் நம்பர். அந்த மழுங்கிய சாவி 9ஐயும் திறந்துதான் தொலைக்கும்.

நீங்கள் திறந்து உள்ளே ஆள் இருந்தால், மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கீழே வாருங்கள். வராண்டாவில் நின்று "இது என் ரூம்" என்று வாதாட வேண்டாம், உள்ளே இருப்பவருக்கு நீங்கள்தான் திருடன். உங்கள் ரூமை யாராவது திறந்தால், தாழ்ப்பாளை விடாமல் உள்ளிருந்தே ரூம் நம்பரைக் கேளுங்கள், ரிசப்ஷனுக்குப் போன் போடுங்கள். காலையில் கட்டாயம் ரூம் மாற்றித் தரச் சொல்லுங்கள், "இனி வர மாட்டாங்க சார்" என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம், ஏனென்றால் ஆள் போய்விடுவார், பூட்டு அதேதான் இருக்கும்.

வெளியே கோயிலுக்கோ அருவிக்கோ போகும்போது கதவில் நாதாங்கி இருந்தால் சொந்தப் பூட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சின்னத் திண்டுக்கல் பூட்டு போதும், 2019இல் புவிசார் குறியீடு கூட வாங்கிய சரக்கு. மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போட்டால் அவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்.

கல்யாணக் கோஷ்டிக்குத் தனியாக ஒன்று. முகூர்த்த நாளில் பத்து ரூம் சாவியும் ஒரே மாமா வேட்டி மடிப்பில் இருக்கும், மாமா மண்டபத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருப்பார், பெண்டுகள் நகையோடு வராண்டாவில் நிற்பார்கள். எந்த ரூமில் யார், சாவி யாரிடம் என்று ஒரு தாளில் எழுதி ரிசப்ஷனில் ஒட்டிவிடுங்கள். நகையை ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு எல்லாரும் மண்டபத்துக்குப் போகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ஒருவராவது ரூமில் இருக்கட்டும்.

உள்தாழ்ப்பாள் உட்காரவில்லை

குற்றாலத்தில் சீசன் முழுக்க இந்தப் புகார் வரும். சாரல் ஈரத்தில் மரக்கதவு ஊதி, தாழ்ப்பாளும் ஓட்டையும் நேராக நிற்காது. கதவை லேசாகத் தூக்கிப் பிடித்துப் போட்டுப் பாருங்கள், அப்படியும் விழவில்லை என்றால் வேறு ரூம் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ரூமைப் பார்க்கும்போது ஏசி ஓடுகிறதா, டிவி வருகிறதா என்று பார்க்கிற நாம் தாழ்ப்பாளைப் பார்ப்பதே இல்லை. பால்கனிக் கதவையும் பாருங்கள், சில இடங்களில் பக்கத்து ரூமுக்கும் அதே பால்கனிதான், நடுவில் இடுப்புயரச் சுவர் மட்டும் இருக்கும். குளியலறைத் தாழ்ப்பாள் இறுகலாக இருந்தால் பிள்ளைகளைத் தாழ் போட விடாதீர்கள்.

ராத்திரி யாரோ தட்டுகிறார்கள், அல்லது போன் வருகிறது

"ரூம் சர்வீஸ் சார்", "தண்ணி பாட்டில் சார்" என்று தட்டினால், நீங்கள் கேட்டிருந்தால் திறங்கள், கேட்கவில்லை என்றால் உள்ளிருந்தே ரிசப்ஷனுக்குப் போன் போட்டு ஆள் அனுப்பினார்களா என்று கேளுங்கள். உண்மையான ரூம் பாய் இதற்குக் கோபப்பட மாட்டார். போனில் "ரிசப்ஷன்ல இருந்து பேசுறோம், உங்க பேமெண்ட் வரல, லிங்க் அனுப்பியிருக்கோம்" என்றால் "காலையில் கீழே வந்து கட்டுறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். பணம் எப்போதும் கவுண்டரில், நேரில்.

தனியாகத் தங்குகிற பெண்கள் கவுண்டரில் ரூம் நம்பரைச் சத்தமாகச் சொல்ல விடாதீர்கள், எழுதிக் காட்டச் சொல்லுங்கள். வராண்டாவின் கடைசி ரூம் வேண்டாம், படிக்கட்டுக்கோ லிப்டுக்கோ பக்கத்தில் இருப்பது நல்லது. "கூட யார் வாராங்க?" என்று தேவையில்லாமல் யார் கேட்டாலும் "அண்ணன் வந்துக்கிட்டிருக்கான்" என்பதே பதில், அண்ணன் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. மிரட்டலாகத் தெரிந்தால் அவசர உதவி எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181.

போலீஸ் செக்கிங் என்று வந்தாலும் மேனேஜரைக் கூட வரச் சொல்லுங்கள், செக்கிங் உண்மை என்றால் அவருக்குத் தெரியாமல் நடக்காது. அடையாள அட்டையைக் காட்டினால் முடிந்தது. கல்யாணம் ஆகாத இரண்டு வயதுவந்தவர்கள் ஒரே ரூமில் தங்குவதைத் தடுக்கிற சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நம் பக்கத்து லாட்ஜ்களில் பல இடங்களில் ரூம் இல்லை என்றுதான் சொல்வார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும்.

கேமரா இருக்குமோ என்று சந்தேகம்

கட்டிலையும் குளிக்கிற இடத்தையும் நேராகப் பார்க்கிற பொருட்களை மட்டும் பார்த்தால் போதும்: கடிகாரம், புகை காட்டும் கருவி, செட்டாப் பாக்ஸ், எதற்கும் பயன்படாத பிளக், கண்ணாடி. லைட்டை அணைத்து, திரையை மூடி, போன் டார்ச்சை மெதுவாக ஓட்டுங்கள், லென்ஸ் இருந்தால் ஒரு புள்ளி மின்னும். கண்ணாடியில் விரலை வைத்து இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கிற வித்தையை நம்பி உட்கார வேண்டாம், இருட்டில் டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் பின்னால் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். வைஃபையில் தேடுகிற ஆப்களும் கார்டில் பதிவு செய்கிற கேமராவைக் காட்டாது.

ஏதாவது தென்பட்டால் பிடுங்காதீர்கள், மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இருக்கிற இடத்திலேயே வீடியோ எடுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்து 112. அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவிலும் குற்றம், மூன்று வருஷம் வரை சிறை உண்டு. "தெரியாம நடந்துட்டு, வாடகை வேண்டாம்" என்று சமாதானம் பேச வந்தால் கேட்காதீர்கள்.

ஹீட்டரில் சுரீர் என்கிறது, அல்லது குளிக்கும்போது தலை சுற்றுகிறது

இது இரண்டு வேறு கோளாறு, இரண்டும் ஆபத்து வகை. குழாயைத் தொட்டால் சுரீர் என்றால் ஹீட்டரில் கசிவு, எர்த் சரியில்லை. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து, காய்ந்த கையால் வெளிச் சுவிட்சை அணையுங்கள், சுவிட்ச் உள்ளேதான் என்றால் ரூம் பாயிடம் மெயினை அணைக்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் பக்கெட்டில் வெந்நீர் கேட்டு வாங்கிக் குளியுங்கள். கோளாறு இல்லாத ஹீட்டரையும் சூடானதும் அணைத்துவிட்டுத்தான் தண்ணீருக்கு அடியில் நிற்க வேண்டும்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றால் மேலே பாருங்கள், சிலிண்டரில் ஓடுகிற கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருக்கும். அதில் இருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, மூடிய சின்ன அறையில் சீக்கிரம் நிறையும். உடனே கதவைத் திறந்து வெளியே வாருங்கள், உள்ளே இருப்பவர் பதில் சொல்லவில்லை என்றால் கதவை உடையுங்கள், காற்றோட்டத்தில் கிடத்தி 108ஐக் கூப்பிடுங்கள். கேஸ் கீசர் உள்ளே இருக்கிற ரூமை நான் யாருக்கும் போடுவதே இல்லை.

ரூமுக்குள் குரங்கு

குற்றாலம், பாபநாசம் இரண்டு பக்கமும் உண்டு. அது உங்களைத் தேடி வரவில்லை, மேசையில் இருக்கிற வாழைப்பழத்தைத் தேடி வந்திருக்கிறது. அது வந்த வழியை மறிக்காமல், பல்லைக் காட்டாமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைத் திறந்தே வையுங்கள். செல்போனைத் தூக்கிக்கொண்டு போனால் துரத்தாதீர்கள், தின்ன முடியாது என்று தெரிந்ததும் எங்காவது போட்டுவிடும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி, வெறிநாய்க்கடி ஊசி தேவைப்படும். மஞ்சள் தடவிக்கொண்டு உட்காராதீர்கள்.

புகை, தண்ணீர்

ராத்திரி பல லாட்ஜ்களில் கீழே ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவார்கள். சாவி யாரிடம், அவர் எங்கே படுப்பார் என்று முதல் ராத்திரியே கேட்டுவிடுங்கள். புகை வந்தால் படி மட்டும், லிப்ட் வேண்டாம், குனிந்து போங்கள். வராண்டா முழுக்கப் புகை என்றால் கதவைச் சாத்தி அடியில் ஈரத் துண்டைத் திணித்து, ஜன்னலில் நின்று 101ஐயோ 112ஐயோ கூப்பிடுங்கள். கோயிலுக்கு வருகிற குடும்பங்கள் ரூமில் அடுப்பு வைத்துச் சமைப்பது சகஜமாகிவிட்டது, பக்கத்து ரூமில் நடந்தாலும் கவுண்டரில் சொல்லுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை தரைத்தளம் வேண்டாம் என்று சொல்லியே ரூம் கேளுங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, தாமிரபரணித் தண்ணீர் ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் தெருவுக்குள் நின்றது. கீழே நிறுத்திய காரை எடுக்க நடுராத்திரியில் தண்ணீருக்குள் இறங்காதீர்கள், இருட்டில் ஓடை எது, ரோடு எது என்று தெரியாது.

பை மாறிவிட்டது, ஆதார் மாறிவிட்டது

காலி செய்கிற அன்றைக்கு வருகிற போன்கள் இவை. ரிசப்ஷனில் பெட்டியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லார் கையிலும் ஒரே கடையின் அல்வாப் பை, எது யாருடையது என்று கடைக்காரருக்கே தெரியாது. பெட்டிக் கைப்பிடியில் ஒரு கலர் துணி, அல்வாப் பையில் பேனாவால் பேர், பெட்டியை விட்டதற்கு ஒரு டோக்கன் சீட்டு. மாறிப்போனால் அன்றைக்கு யார் யார் காலி செய்தார்கள் என்று நோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களுடைய நம்பரை நீங்கள் கேட்காதீர்கள், லாட்ஜ்காரரையே பேசச் சொல்லுங்கள்.

ஆதார் ஒரிஜினலைக் கவுண்டரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது, பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதாரை இணையத்தில் இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஜெராக்ஸ் கேட்டால் அதன் மேலேயே குறுக்காக லாட்ஜ் பேர், தேதி, "தங்குவதற்கு மட்டும்" என்று எழுதிக் கொடுங்கள். வேறு ஆள் அட்டை உங்கள் கைக்கு வந்துவிட்டால் அதைப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டு "இது யாரு?" என்று கேட்காமல், அதே கவுண்டரில் கொடுத்துவிட்டு உங்களுடையதை வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் பாக்கியை ஜிபேயில் அனுப்புகிறோம் என்றால், வந்த பிறகு ரூம் சாவியைக் கொடுங்கள்.